ஞ இல்லாத எழுத்துரு

சிம்மக்கல்லில் ஒரு கட்டடத்தின் மாடியில் எனக்கு ஒரே ஓர் அறை. அப்பளம், காபித்தூள், ஊதுபத்தி, மிளகாய்ப்பொடி என்று மதுரையில் எதைப் பொட்டலம் கட்டினாலும் அதன் மேல் பெயர் போட வேண்டும். அந்தப் பெயரை எழுத்தாக்கிக் கொடுப்பது என் தொழில். கீழே ஃபிளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை. அந்தக் கடைக்கார அண்ணன் தனக்குப் புரியாத வேலை எது வந்தாலும், "மாடில ஒரு தங்கச்சி இருக்கு, அதுகிட்டக் கேளுங்க" என்று மேலே அனுப்பிவிடுவார்.

அப்படித்தான் ஒருநாள் காலையில் அந்த அக்கா வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். சேலைக்கு மேல் முழுக்கைக் காக்கிச் சட்டை, காலில் ஆண்கள் போடுகிற ஷூ. நான் உட்காரச் சொல்வதற்குள் கையிலிருந்த துணிப்பையை என் மேசைமேல் கவிழ்த்தார். கலகலவென்று இரும்புத் துண்டுகள் கொட்டின. முட்டை வடிவில் சில, அரைவட்டமாகச் சில, ஒன்று மட்டும் பிஸ்கட் போலச் சதுரமாக.

"ஏத்தா, இதெல்லாம் எங்க எழுத்துலருந்து விழுந்தது" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரே விவரம் சொன்னார். எழுமலையில் டிராக்டர் டிரெய்லர் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். கணவர் லாரி ஓட்டுகிறார். பட்டறை முழுக்க இவர் பொறுப்பு. கரும்பும் வைக்கோலும் ஏற்றிக்கொண்டு போகிற டிரெய்லர்களில் பின்விளக்கு ஒரு வாரம்கூடத் தாங்காது, உடைந்துவிடும். சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினால் உரசி உரசிக் கிழிந்துவிடும். பொழுது சாய்ந்ததும் பின்னால் வருகிறவனுக்கு முன்னே ஒரு டிரெய்லர் போவதே தெரியாது. அதற்கு அக்கா ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். டிரெய்லரின் பின்புறம், சுமை ஏற்றும் தொட்டிக்கு அடியில் ஓர் இரும்புத் தகடு. அதில் ஊர்ப்பெயரை ஓட்டையாக வெட்டிவிட்டு, தகட்டின் உட்பக்கம் வெளிச்சத்தில் மின்னும் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டிவிடுவது. விளக்கு பட்டால் எழுத்து சிவப்பாக எரியும். ஸ்டிக்கரும் இரும்புக்குப் பின்னால் பத்திரமாக இருக்கும்.

"எழுத்து எம்புட்டுத் தடியா இருக்கோ அம்புட்டுக்குச் செவப்பு தெரியும். அதான் கம்ப்யூட்டர்ல இருக்கறதுலயே தடியான எழுத்தப் பாத்து எடுத்து வெட்டினோம். வெட்டி முடிச்சு தகட்டத் தூக்குனா, எ-ல இருக்க சுழி பொத்துனு விழுது. ம-வுக்கு உள்ள இருக்கது விழுது. லை-ல மட்டும் மூணு துண்டு. கடைசில பாத்தா எழுமலையக் காணாம். வரிசையாப் பொத்தல்தான் இருக்கு."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு ஒரு தாளில் ம வரைந்து, உள்ளே இருக்கிற துண்டு வெளித்தகட்டைப் பிடித்துக்கொள்ளும்படி நடுவில் இரண்டு இடங்களில் கோட்டை அறுத்துக் காட்டினேன். அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆமா, காய்க்குக் காம்பு மாதிரி. இப்படி எல்லா எழுத்துக்கும் இருக்கா?"

தேடிப் பார்த்தேன். இங்கிலீஷில் கணக்கில்லாமல் கிடைத்தன. தமிழில் ஒன்றிரண்டு இருந்தன, அவையும் ஒல்லி. நான் அதுவரை முழு எழுத்துரு எதையும் செய்ததில்லை. ஒரு பொட்டலத்துக்கு வேண்டிய ஏழெட்டு எழுத்தை வரைவதோடு சரி. ஆனால் அந்த இரும்புத் துண்டுகளைப் பார்த்ததிலிருந்து கை குறுகுறுத்தது. "நானே செஞ்சு தாரேங்க்கா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், எத்தனை எழுத்து வரைய வேண்டும் என்று எண்ணிப் பார்த்தேன்.

அடுத்த வாரமே உசிலம்பட்டி போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து எழுமலைக்குப் போனேன். எழுத்தை வெட்டப்போகிற மெஷினைப் பார்க்காமல் எழுத்து வரைய முடியாது என்று எனக்குப் பட்டது. பட்டறை ஊருக்கு வெளியே சாலை ஓரத்தில் இருந்தது. தகரக் கூரை, அடியில் பாதி கட்டிய மூன்று டிரெய்லர்கள். ஓரமாக ஒரு பெரிய மேசைபோல பிளாஸ்மா மெஷின். அதன் முனையிலிருந்து நீலமாகத் தீ பீய்ச்சி, தகட்டை வெண்ணெய் மாதிரி அறுத்துக்கொண்டு போனது. அக்காவிடம் நான்கு வெல்டர்கள் வேலை செய்தார்கள்.

நான் எதிலிருந்து தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அக்கா சாக்பீஸை எடுத்துத் தரையில் ட எழுதினார். "இது ஆங்கிள்" என்றார். சுவரோரம் சாய்ந்திருந்த இரும்பு ஆங்கிளைக் காட்டினார், அச்சாக ட. அடுத்து ப எழுதினார். "இது சானல். இத நாங்க தெனம் வெட்டுறோம். இந்த ரெண்டுலருந்து ஆரம்பி. மத்ததெல்லாம் இதுக்குச் சொந்தக்காரங்களா இருக்கட்டும்."

அப்படியே செய்தேன். ட-வும் ப-வும் முதல் நாளே வந்துவிட்டன. ம, ய, ல, வ எல்லாம் அவற்றின் தோளையும் பாதத்தையும் வாங்கிக்கொண்டன. வளைவுகளை நிமிர்த்தி, மூலைகளைச் சாய்வாகச் சீவிவிட்டேன். ஒவ்வோர் எழுத்தும் தட்டிப் பார்த்தால் சத்தம் வரும்போல இருந்தது. எனக்கே பெருமை தாங்கவில்லை.

பெருமை முதல் தகடு வெட்டுகிற வரைக்கும்தான். திரையில் அழகாக இருக்கட்டும் என்று காம்புகளை பென்சில் அகலத்துக்கு வைத்திருந்தேன். மெஷின் சூட்டில் அவை முறுக்கிக்கொண்டன. ம-வின் உள்துண்டு நாக்கைத் துருத்துவதுபோல வெளியே எட்டிப் பார்த்தது. வெல்டர்களில் ஒருவர் சுத்தியலால் தட்டி உள்ளே தள்ளினார். அது மறுபக்கம் போய் நின்றுகொண்டது.

"ரெண்டு வெரல் அகலம் வையித்தா" என்றார் அக்கா. "இது கல்லு அடிக்கிற எடம். ஒன் கம்ப்யூட்டர்ல கல்லு அடிக்காது."

இரண்டு விரல் அகலம் என்றால் எழுத்தையே பாதி மூடிவிடும். எழுத்தின் கனத்தைக் கூட்டினேன், காம்பைக் கூட்டினேன், உள்வெளியைக் குறைத்தேன். பத்து நாள் இதே வேலை. ஒருவழியாக, சுத்தியலால் அடித்தாலும் அசையாத ஓர் எழுமலை கிடைத்தது.

அது எவ்வளவு தூரத்திலிருந்து தெரிகிறது என்று பார்க்க, தகட்டைப் பட்டறைக்கு முன்னால் சாலையோரம் நிறுத்தினோம். அக்காவும் நானும் உசிலம்பட்டிப் பக்கமாக நடந்து, ஆறு கரண்ட் கம்பம் தள்ளிப் போய் நின்றோம். சாயங்காலம் நாலரை மணி. போகிற வருகிறவர்களை நிறுத்தி, "அந்தா தூரத்துல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டோம். புல்லுக்கட்டோடு வந்த அம்மா, டிவிஎஸ்ஸில் வந்த பால்காரர், ஆடு ஓட்டி வந்தவர் எல்லோரும் தயங்காமல் "எழுமலை" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஏழாவதாக ஒரு பெரியவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "கண்ணு சரியாத் தெரியலத்தா. எழுமலைன்னுதான் போட்டுருக்கும். இந்த ஊர்ல வேற என்னத்தப் போடப்போறாக?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அதுவரை ஒருவர்கூட எழுத்தைப் படிக்கவே இல்லை.

மறுநாள் யாரும் எதிர்பார்க்காத ஒரு சொல்லாக வேண்டும் என்று தேடி, "முழங்கை" என்று வெட்டி வைத்தோம். அதே இடத்தில் நின்றோம். பைக்கில் வந்த ஒருவர் நிறுத்திப் பார்த்தார். உதட்டை அசைத்து எழுத்துக் கூட்டினார்.

"மு... ம... முமங்கை" என்றார். பிறகு அக்காவிடம், "யாருக்கா அது, மூணு மங்கை? புதுசா கடை தொறக்குறாங்களா?"

அக்கா சாலையோரத்துப் புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பைக்கில் வந்தவருக்கு எதற்குச் சிரிக்கிறோம் என்று புரியவில்லை. அவரும் சிரித்துவிட்டுப் போனார். தப்பு என்னுடையது. தகட்டின் உயரத்துக்குள் அடங்க வேண்டுமே என்று ழ-வின் வாலை ஒட்ட நறுக்கியிருந்தேன். வால் இல்லாத ழ தூரத்தில் ம ஆகிவிட்டது. எழுத்துகளை எல்லாம் கொஞ்சம் குட்டையாக்கி வாலுக்கு இடம் விட்டேன். அக்கா தன் பங்குக்குத் தகட்டை இரண்டு அங்குலம் உயர்த்திக்கொண்டார். அடுத்த முறை ஆறு பேரில் ஐந்து பேர் முழங்கை என்று படித்தார்கள். ஆறாவது ஆள் கண்ணாடி கொண்டுவரவில்லை.

அப்புறம் வேலை வேகமாக ஓடியது. அக்கா ஊர் ஊராகப் பெயர் கேட்டு அனுப்புவார். எந்தெந்த எழுத்து வேண்டுமோ அதை முதலில் வரைவேன். எழுத்துருவுக்கு "தொட்டி" என்று அவரே பெயர் வைத்தார். கடைசியில் மாட்டிக்கொண்டது ஞ. அது ஒரு பொல்லாத எழுத்து. கோடு மடங்கி மடங்கி உள்ளேயே போகும். கனம் கூட்டினால் உள்ளே காற்றுப் புக இடம் இருக்காது. மூன்று நாள் முட்டிப் பார்த்துவிட்டு அக்காவுக்கு போன் பண்ணினேன்.

"ஞ என்னத்துக்கு?" என்றார். "எஞ்சினுக்குத்தான் ஞ வேணும். டிரெய்லர்ல எஞ்சின் கெடையாது. விடு."

விட்டேன். ஆனால் அந்த இடம் காலியாக இருந்தால் மறந்தே போய்விடுவேனே என்று, மேசையில் கிடந்த ஒரு நட்டை அளவெடுத்து வரைந்து ஞ-வின் இடத்தில் வைத்தேன். அறுகோணம், நடுவில் வட்ட ஓட்டை. எனக்கு மட்டும் தெரிகிற அடையாளம். அந்த நிலையிலேயே எழுத்துருவைக் கீழ்க்கடை அண்ணனிடம் கொடுத்து, பார்ப்பதற்காகப் பெரிய அளவில் ஒரு ஃபிளெக்ஸ் அடித்து வாங்கினேன். வேலை முடிந்ததும் எழுத்துருவை அவர் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிடும்படி சொன்னேனா என்று இப்போது நினைவில்லை. சொல்லியிருக்க மாட்டேன்.

ஒரு மாதம் கழித்து அக்காவிடமிருந்து போன் வந்தது. டிரெய்லர் ஒன்றைக் கொடுக்க அலங்காநல்லூர் போயிருந்தார். பின்னால் ஒரே ஹாரன் சத்தம்.

"ஏத்தா, இங்கன ஒரு கல்யாண பேனர்ல நம்ம எழுத்து நிக்கிது!"

"நம்ம எழுத்தா? யாருக்கும் நான் குடுக்கலியேக்கா."

"எனக்குத் தெரியாதா நம்ம எழுத்து? மாப்பிள்ள பொண்ணு போட்டோ, சுத்தி இருவது பேரு கூலிங்கிளாஸ் போட்டு நிக்கிறாய்ங்க. அதுக்கு மேல எழுதியிருக்கு. ஆனா நெஞ்சுல நட்டு இருக்கு."

"மாப்பிள்ள நெஞ்சுலயா?"

"மாப்பிள்ள நெஞ்சுல பூவு இருக்கு. எழுத்துல இருக்க நெஞ்சுலத்தா. நெ போட்டு, நட்டு போட்டு, நட்டுக்கு மேல புள்ளி வச்சு, சார்ந்த வாழ்த்துகள்னு போட்டுருக்கு."

நான் படியில் இரண்டிரண்டாக இறங்கி ஓடினேன். அண்ணன் என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"கனமான எழுத்து வேணும்னு கேட்டாய்ங்க தங்கச்சி. நம்மகிட்ட இருக்கறதுலயே ஒன்னோடதுதான் கனம். நட்டப் பாத்தேன். ஏதோ டிசைனுன்னு நெனச்சு விட்டுட்டேன். எட்டு பேனர் போயிருச்சு."

"எட்டா!"

கோபம் வந்தது, நிஜம்தான். கேட்காமல் எடுத்ததைவிட, முடிக்காத வேலை என் கையை விட்டுப் போய் நடுரோட்டில் நிற்கிறதே என்பதுதான் பெரிய கோபம். யாரோ ஒருவரின் கல்யாண வாழ்த்தில் எழுத்துக்குப் பதில் நட்டு. அண்ணனும் பதறித்தான் போயிருந்தார். உடனே வேறு எழுத்துருவில் எட்டு பேனரையும் திருப்பி அடித்தார். கல்யாணம் மறுநாள். சுருட்டிய பேனர்களை மடியில் வைத்துக்கொண்டு அவர் ஸ்கூட்டரின் பின்னால் நான் உட்கார்ந்தேன். வழி நெடுக, "மொதல்ல மன்னிப்புக் கேட்டுருவோம், அப்பறம் மாத்திருவோம்" என்று அவர் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார்.

மண்டபத்து வாசலில் மாப்பிள்ளையின் நண்பர்கள் ஏழெட்டுப் பேர் வாழை கட்டிக்கொண்டிருந்தார்கள். பேனரை மாற்ற வந்திருக்கிறோம் என்று அண்ணன் சொன்னதும் ஒருவர் கையிலிருந்த கயிற்றைப் போட்டுவிட்டு வந்தார்.

"எதுக்குண்ணே மாத்தணும்? அதுல யாரும் கை வைக்கக் கூடாது. மாப்ள டிராக்டர் மெக்கானிக்கு. அதுக்காகத்தான் நெஞ்சுல நட்டு வச்சு டிசைன் பண்ணியிருக்கீங்கன்னு ஊரே பேசுது. காலைலருந்து எம்புட்டுப் பேரு நின்னு போட்டோ எடுத்துட்டாய்ங்க!"

அண்ணன் ஒத்திகை பார்த்த மன்னிப்பை அப்படியே விட்டுவிட்டார். மெதுவாக அவர் முகத்தில் ஒரு சிரிப்பு படர ஆரம்பித்ததை நான் பார்த்தேன். அதற்குள் மாப்பிள்ளையே வெளியே வந்துவிட்டார். நலங்கு மஞ்சள் காயாத முகம், கழுத்தில் துண்டு. பேனரை அண்ணாந்து பார்த்தார்.

"சூப்பரா இருக்குண்ணே. ஒரே ஒரு டவுட்டு. நட்டுக்கு மேல புள்ளி வச்சுருக்கீங்களே, அது என்ன?"

"அது வந்து மாப்ள... ஆயில் விடுற ஓட்டை" என்றார் அண்ணன்.

"நட்டுக்கு எதுக்குண்ணே ஆயில் ஓட்டை?"

இதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. நடந்ததை எல்லாம் சொன்னேன். எழுமலைத் தகடு, முடியாத ஞ, அடையாளத்துக்கு வைத்த நட்டு, கீழ்க்கடை கம்ப்யூட்டர். நண்பர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தார். நண்பர்கள் அதைவிட உரக்கச் சிரித்தார்கள். அண்ணன் மட்டும் ஸ்கூட்டர் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருங்கக்கா, இதப் பொண்ணுகிட்டச் சொல்லணும்" என்று மாப்பிள்ளை போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். மணப்பெண் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர் என்று அப்போதுதான் தெரிந்தது. விஷயத்தைக் கேட்டுவிட்டு அந்தப் பெண் என்னோடு பேசினார்.

"அக்கா, போட்டோ அனுப்புனப்பவே கேட்டேன், ஞ எங்கன்னு. இவங்கதான், நீ டீச்சர் வேலைய வீட்டுல பாக்காதன்னாங்க. நட்டு நல்லாத்தான் இருக்கு, இருக்கட்டும். ஆனா ஞ இல்லாம ஒரு ஃபான்ட்ட வெளிய விடலாமா?"

"நான் விடலம்மா. அதுவாப் போயிருச்சு."

"அப்ப சீக்கிரம் முடிங்க. நாளைக்குக் கல்யாணத்துக்கும் வந்துருங்க."

பேனர் எட்டும் அப்படியே நின்றன. சுருட்டிக் கொண்டுபோன எட்டும் சமையல் பந்தலுக்கு மறைப்பாகக் கட்டப்பட்டன. மறுநாள் நானும் அக்காவும் அண்ணனும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தோம். அக்கா அன்றைக்குக் காக்கிச் சட்டை போடாமல் பட்டுச் சேலையில் வந்திருந்தார். எனக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை. "நம்ம எழுத்துக்குக் கல்யாணம், வராம இருப்பேனா?" என்றார்.

டீச்சரின் குரல் காதிலேயே இருந்தது. அந்த வாரம் ஞ-வை மறுபடியும் எடுத்தேன். அதுவரை எல்லா எழுத்தையும் ஒரே அகலப் பெட்டிக்குள் அடைக்கப் பார்த்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. தகட்டுக்கு உயரம்தான் அளவு. அகலத்துக்கு யார் தடை போட்டார்கள்? ஞ-வுக்கு ஒன்றரைப் பங்கு அகலம் கொடுத்தேன். சுருண்டு கிடந்தது கையைக் காலை நீட்டிப் படுத்துக்கொண்டது. இரண்டு விரல் காம்பும் அழகாக உட்கார்ந்தது. படத்தை டீச்சருக்கு அனுப்பினேன். விருந்து, மறுவீடு எல்லாம் முடிந்து பள்ளிக்கூடம் போனவர், வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டுப் பதில் போட்டார்: "நாற்பது பேரும் ஞ என்று சொல்லிவிட்டார்கள். ஒருத்தி மட்டும் டிராக்டர் மாதிரியும் இருக்கிறது என்றாள்."

அவள் சொன்னதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். ஞ வந்த பிறகும் நட்டை எறிய மனம் வரவில்லை. வேண்டுகிறவர்கள் போட்டுக்கொள்ளட்டும் என்று எழுத்துருவின் ஓரத்தில் தனியாக வைத்துவிட்டேன். இனி யாரும் அரைகுறையை எடுத்துக்கொண்டு போக வேண்டாமே என்று முழுதாக முடித்த "தொட்டி"யைக் கீழ்க்கடை அண்ணனுக்கு நானே கொடுத்தேன். அவர் வழியாக அது மதுரை முழுக்கப் பரவியது. காதுகுத்துப் பேனரில் பார்த்தேன், தண்ணீர் லாரியில் பார்த்தேன், ஓர் இளநீர் வண்டியில் பார்த்தேன். ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் பார்த்த அன்று மட்டும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். தகட்டுக்காகச் செய்த முரட்டு எழுத்து இறந்துபோன ஒரு பெரியவரின் பெயரை அத்தனை நிதானமாகத் தாங்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

போன மாதம் அக்கா மறுபடியும் மாடிப்படி அதிர ஏறி வந்தார். இப்போது பட்டறையில் வீட்டு கேட்டும் செய்கிறார். கேட்டில் வீட்டுப் பெயர் வெட்டித்தரச் சொல்லி எல்லோரும் கேட்கிறார்களாம்.

"கனமாப் போட்டது போதும்த்தா. இது வீட்டு வாசலு. தொட்டிக்குத் தங்கச்சி மாதிரி மெலிசா ஒண்ணு போடு. பொங்கலுக்குள்ள வேணும்."

"சரிக்கா" என்றேன். எந்த வருஷத்துப் பொங்கல் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.